காட்டு லூபின்: குறை வைத்தால்தான் வளரும் செடி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஏரியிலிருந்து சற்றுத் தள்ளிய மணற்பாங்கான ஊரில் வீடு வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மே மாதத்தில் சாலையோர மேடுகளில் நீலமும் ஊதாவுமாகப் பூத்திருந்த காட்டு லூபினைப் பார்த்து மயங்கி, விதை வாங்கி, தோட்டத்தின் ஒரு மூலையில் தொழுவுரம் கலந்து பாத்தி கட்டி இரண்டு வசந்தங்கள் விதைத்திருக்கிறீர்கள். முதல் முறை ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாம் முறை முளைத்த ஏழு கன்றுகளில் ஐந்து தண்டோடு அழுகிச் சாய்ந்தன. எஞ்சிய இரண்டும் ஆகஸ்டில் மஞ்சளித்து மறைந்துவிட்டன. இடையில் யாரோ ஒருவர் சுண்ணாம்பு போடச் சொன்னாராம், அதையும் போட்டிருக்கிறீர்கள். "என்ன குறை வைத்தேன்?" என்று கேட்கிறீர்கள்.

குறையே வைக்கவில்லை, அதுதான் சிக்கல். இந்தச் செடி பஞ்சத்தில் பிறந்து பஞ்சத்தில் வாழப் பழகியது. விருந்து வைத்தால் செத்துப்போகும். உங்களுக்கு நேர்ந்ததெல்லாம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. சுண்ணாம்பு ஒன்றைத் தவிர.

முதலில், உங்கள் கையில் இருந்த விதை எதன் விதை என்று பார்க்க வேண்டும். லூபின் என்பது ஒரு செடியின் பெயரன்று, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரிய பேரினத்தின் பெயர். உங்கள் பகுதியில் இயற்கையாக வளர்வது லூபினஸ் பெரனிஸ் என்ற இனம். 1753-ல் லின்னேயஸ் சூட்டிய பெயர் அது. பெரனிஸ் என்றால் பல ஆண்டு வாழ்வது என்று பொருள். மினசோட்டாவிலிருந்து நியூ இங்கிலாந்து வரையும், தெற்கே புளோரிடா வரையும், வடக்கே கனடாவின் ஒன்டாரியோ வரையும் ஆங்காங்கே மணல் நிலங்களில் இருக்கிறது. ஆனால் கடைகளில் "காட்டு லூபின்" என்று எழுதி விற்கப்படும் பொட்டலங்களில் பல நேரம் இருப்பது லூபினஸ் பாலிஃபில்லஸ் என்ற வேறு இனம். அது அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்துச் செடி. 1820-களில் டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துத் தாவரச் சேகரிப்பாளர் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பின்னர் யார்க் நகரில் ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற தோட்டக்காரர் பல ஆண்டுகள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து, 1937-ல் லண்டனில் காட்சிக்கு வைத்த பல வண்ண ரஸ்ஸல் லூபின்கள் அதன் வழிவந்தவை. அங்கிருந்து அது உலகைச் சுற்றிவிட்டது. மெய்ன் மாநிலத்துச் சாலையோரங்களில் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் லூபின் அதுதான். அந்த மாநிலத்தின் சொந்த லூபினான பெரனிஸ் அங்கே காட்டில் இப்போது இல்லை. வந்தேறி வாசலில் நிற்கிறான், வீட்டுக்காரனைக் காணோம்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. இரண்டிலும் இலை, விரித்த கைபோல ஒரே புள்ளியிலிருந்து சிற்றிலைகள் கிளம்பும் கூட்டிலை. பெரனிஸில் பொதுவாக 7 முதல் 11 சிற்றிலைகள். ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பாலிஃபில்லஸில் பதினைந்துக்கு மேலும் போகலாம், சிற்றிலையும் நீளம். பெரனிஸ் 30 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். பூக்கொத்தில் பூக்கள் சற்று இடைவெளி விட்டு, அடக்கமாக இருக்கும். இடுப்புக்கு மேல் உயர்ந்து, கோபுரக் கலசம்போல நெருங்கிப் பூத்து நின்றால் அது மேற்கத்தியது, அல்லது கலப்பு. கலப்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. பக்கத்துக் காட்டில் அசல் பெரனிஸ் இருக்கும்போது வீட்டில் ரஸ்ஸல் லூபினை வைப்பது நல்ல காரியமன்று. ஆகவே பொட்டலத்தில் தாவரவியல் பெயரும், விதை எந்த மாநிலத்திலிருந்து திரட்டப்பட்டது என்பதும் அச்சிடப்பட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். உள்நாட்டுச் செடிகளை மட்டும் விற்கும் நாற்றுப்பண்ணைகள் மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் இருக்கின்றன. காட்டில் போய்த் தோண்டி எடுக்கலாமே என்று தோன்றலாம். வேண்டாம். பல மாநிலங்களில் இது பாதுகாக்கப்பட்ட செடி. அது ஒருபுறமிருக்க, தோண்டினால் பிழைக்கவும் பிழைக்காது. இதன் ஆணிவேர் நாம் நினைப்பதைவிட மிக ஆழமாகப் போகும். மண்வெட்டி பட்டு அது அறுந்த செடி அநேகமாக மீள்வதில்லை.

இப்போது மண். லூபின் என்ற பெயருக்கு மூலம் லத்தீனில் ஓநாயைக் குறிக்கும் சொல். ஓநாய் ஆட்டைக் கவர்வதுபோல இது மண்ணின் சத்தையெல்லாம் கவர்ந்துவிடுகிறது, அதனால்தான் இது வளரும் இடமெல்லாம் வறண்டு கிடக்கிறது என்று பழங்காலத்தில் நம்பினார்கள் என்பார்கள். நடப்பதோ நேர்மாறானது. வேறெதுவும் பிழைக்காத மண்ணில் இது போய்க் குடியேறுகிறது. வேர்முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாவின் துணையோடு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது. சோற்றைத் தானே சமைத்துக்கொள்பவனுக்கு நீங்கள் தொழுவுரம் போட்டிருக்கிறீர்கள். உரமான மண்ணில் இரண்டு தொல்லைகள். செடி இலையாகக் கொழுத்துச் சாயும். அதைவிட மோசமாக, புல்லும் களையும் உரத்தை உண்டு இதைவிட வேகமாக வளர்ந்து நிழல் கவித்துவிடும். நிழல்தான் இதன் முதல் எதிரி. ஈரம் தேங்குவது இரண்டாம் எதிரி. உங்கள் ஐந்து கன்றுகளைக் கொன்றது நாற்றழுகல். மக்கும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அது வராமல் இருந்தால்தான் வியப்பு.

சுண்ணாம்பைப் பற்றி ஒரே வரி: லூபினுக்குச் சற்றே அமிலத்தன்மை கொண்ட மண்தான் பிடிக்கும், 5.5 முதல் 7-க்குள். சுண்ணாம்பு போட்ட பாத்தியை இதற்கு மறந்துவிடுங்கள், அங்கே தக்காளி வையுங்கள்.

உங்கள் நிலத்தில் எங்கே புல்தரை காய்ந்து சொட்டையாகிக் கிடக்கிறதோ, எந்த இடத்தைப் பார்த்து நீங்கள் வெட்கப்படுகிறீர்களோ, அதுதான் லூபினுக்கான இடம். நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். கைப்பிடி மண்ணை நனைத்து அழுத்தினால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். களிமண்ணாக இருந்தால் மணல் கலந்து சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். குறைந்த மணலைக் கலந்தால் அது இன்னும் இறுகிப்போகும். நல்லவேளையாக உங்கள் ஊரில் தரைக்கடியில் மணல்தான். புல்லைச் செதுக்கி எறிந்துவிட்டு வெறும் மண்ணைத் திறந்து வையுங்கள். மரத்தூள் மூடாக்கும் போட வேண்டாம்.

அடுத்தது விதை. பயறளவு விதை, ஓர் அவுன்ஸில் ஏறக்குறைய ஆயிரம் இருக்கும். அதன் தோல் கல்போலக் கடினம். தண்ணீர் உள்ளே போகாத வரை அது உறங்கிக்கொண்டே இருக்கும், பல ஆண்டுகள்கூட. உங்கள் முதல் விதைப்பில் எதுவும் முளைக்காததற்கு இதுதான் காரணம். இந்த உறக்கத்தைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. கனடாவின் யூகான் பகுதியில் உறைந்த மண்ணுக்குள், லெம்மிங் என்ற எலிவகையின் பழைய வளைகளிலிருந்து எடுத்த ஆர்க்டிக் லூபின் விதைகள் முளைத்தன என்றும், அவை பத்தாயிரம் ஆண்டுப் பழமையானவை என்றும் 1967-ல் அறிவித்தார்கள். பாடநூல்கள்வரை ஏறிவிட்ட செய்தி அது. 2009-ல் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது அவை இருபதாம் நூற்றாண்டு விதைகள் என்று தெரிந்தது. பழைய வளைக்குள் எப்படியோ புதிய விதை விழுந்திருக்கிறது. எனவே யாராவது அந்தக் கதையைச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் சில ஆண்டுகளுக்கு முன் விதைத்த இடத்தில் திடீரென்று ஒரு கன்று தலைகாட்டுவது இந்தச் செடியில் சாதாரணம்.

விதைக்க இரண்டு வழிகள். எனக்குப் பிடித்தது சோம்பேறி வழி: அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, மண் உறையத் தொடங்கும் முன், விதையை அப்படியே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுவது. குளிர்காலம் முழுதும் உறைந்தும் உருகியும் தோல் தானாக விரிசல் விடும். இந்த வழியில் விதையைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் இலையுதிர்காலத்தின் கடைசி வெதுவெதுப்பில் முளைத்துவிட்டு, அடுத்த வாரமே உறைபனியில் கருகும்.

வசந்தத்தில் விதைப்பதானால் உழைக்க வேண்டும். இரண்டு உப்புத்தாள்களுக்கு இடையே விதைகளைப் போட்டு, மேற்பரப்பின் பளபளப்பு மங்கும்வரை தேய்க்க வேண்டும். உள்ளிருக்கும் வெள்ளை பெரிதாகத் தெரிந்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள். பிறகு வெந்நீரை ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது விதையைப் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்காக உப்பியிருக்கும், சில அப்படியே கிடக்கும். உப்பாதவற்றைத் தூக்கி எறியாதீர்கள். துடைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி ஊறப்போடுங்கள். உப்பியவற்றை ஈர மணலில் கலந்து பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் அல்லது பத்து நாள் வைத்து எடுத்து விதைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் பைக்குள்ளேயே வேர்விட்டுவிடும். நான் ஒருமுறை மறந்துபோய், மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது உள்ளே இடியாப்பம்போலப் பின்னிக்கிடந்தது.

வேர்முடிச்சுப் பாக்டீரியாவைப் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை. கவலைப்பட வேண்டும். லூபினுக்கென்று தனி வகை ரைசோபியம் தேவை. பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் விற்கும் பொட்டலம் இதற்கு உதவாது. விதை விற்பவரிடமே லூபினுக்கானதைக் கேட்டு வாங்கி, ஊறிய விதையில் புரட்டி விதைத்தால் போதும். உங்கள் இடத்தில் இதற்குமுன் லூபின் இருந்ததில்லை என்றால் இதைத் தவறவிடாதீர்கள். உரமில்லாத மணலில் செடியை நிறுத்திவிட்டு, அதற்குச் சமையல்காரனையும் அனுப்பாமல் இருப்பது கொடுமை.

தொட்டியில் வளர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாற்று விட மட்டும் தொட்டி போதும், அதுவும் ஒடுங்கி ஆழமான குழல் வடிவத் தொட்டியாக இருந்தால். இரண்டு மூன்று உண்மையான இலைகள் வந்ததும், ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்வதற்குள், மண்கட்டி உடையாமல் நிலத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆயுள் முழுதும் தொட்டியில் வாழும் செடியன்று இது. நாற்று வாங்குவதானாலும் இதையே பாருங்கள்: பெரிய செடியைவிடச் சிறிய நாற்றே மேல். ஒன்றுக்கொன்று 30 சென்டிமீட்டர் இடைவெளி போதும்.

முதல் கோடையில் மட்டும், மழையில்லாத வாரங்களில் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். அதன் பிறகு விடவே வேண்டாம். முதல் ஆண்டு முழுதும் சில இலைகளோடு அசையாமல் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். வேலையெல்லாம் மண்ணுக்கடியில் நடக்கிறது. அநேகமாக மூன்றாம் ஆண்டில்தான் பூக்கும். இந்த இடைக்காலத்தில் முயலும் மானும் வந்து ஒரே இரவில் வழித்துவிட்டுப் போகும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கம்பிவலைக் கூண்டு கட்டாயம் என்பேன். கண்ணுக்கு அழகாக இராது, இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் கடைசி இரண்டு கன்றுகளுக்கு வருகிறேன். அவை செத்துவிட்டன என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? காட்டு லூபின் மே, ஜூனில் பூத்து, காய்த்து, விதை தெறித்த பிறகு கோடை வெம்மையில் மஞ்சளித்து, இலையில் சாம்பல் நோய் படிந்து, தரைமட்டத்துக்கு மறைந்துபோவது வழக்கம். இளங்கன்றுகளும் வறட்சியில் அப்படிச் செய்வதுண்டு. வேர் உயிரோடிருக்கும். பிடுங்கிப் போடவில்லை என்றால் ஏப்ரல் இறுதியில் அந்த இடத்தில் குனிந்து தேடுங்கள். உள்ளங்கையில் பனித்துளியை ஏந்திய சிறு இலை ஒன்று தெரியலாம். சாம்பல் நோய்க்கு மருந்தடிக்க வேண்டாம், அந்த நேரத்தில் செடி தன் ஆண்டுக்கணக்கை முடித்துவிட்டது. தண்டில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும்.

மருந்து வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நான் இந்தச் செடியைப் பிடித்துக்கொண்டதே அதனால்தான். கார்னர் நீலன் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. இறக்கை விரித்தால் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதன் புழுவுக்கு உலகில் ஒரே உணவு காட்டு லூபினின் இலை. நாவலாசிரியர் என்று உலகம் அறிந்த விளாதிமிர் நபகோவ் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளரும்கூட. 1940-களில் ஹார்வர்டின் அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது இந்த நீலனைத் தனி வகையாக விவரித்துப் பெயரிட்டவர் அவர். பெயரில் உள்ள கார்னர், நியூயார்க்கின் ஆல்பனிக்கு அருகே இருந்த சிற்றூர். 1992-ல் இதை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அமெரிக்கக் கூட்டரசு அறிவித்தது. ஒன்டாரியோவில் அது ஏற்கெனவே இல்லாமல் போய்விட்டது.

ஆண்டுக்கு இரண்டு தலைமுறை. குளிர்காலத்தை முட்டையாகக் கழித்து, ஏப்ரலில் லூபின் துளிர்க்கும்போது பொரிந்து, மே இறுதியிலும் ஜூனிலும் முதல் பூச்சிகள் பறக்கும். அவை இடும் முட்டையிலிருந்து ஜூலை, ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை. பச்சைப் புழுவுக்கு எறும்புகள் காவல். புழு சுரக்கும் இனிப்பு அவற்றுக்குக் கூலி. இந்தக் காலக்கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை இண்டியானா மணல்மேடுகளில் பார்த்தோம். 2012-ல் வசந்தம் வழக்கத்துக்கு மாறாகச் சுட்டது. புழுவின் பருவமும் லூபினின் பருவமும் தடம் புரண்டன. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே நீலன் இல்லை.

செடி ஏன் குறைந்தது என்பதற்கு விடை நெருப்பு. ஓக் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் திறந்த மணல்வெளிகள் இதன் தாய்வீடு. இடிமின்னலும் பூர்வகுடிகளும் வைத்த தீ, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதரை எரித்து வெளிச்சத்தைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. குடியேறியவர்கள் தீயை அணைத்தார்கள், மரம் அடர்ந்தது, லூபின் நிழலில் மங்கிப்போனது. விஸ்கான்சினின் ஃபோர்ட் மெக்காய் படைப்பயிற்சித் தளத்தில் கவசவண்டிகள் உழுத தடங்களை ஒட்டி லூபின் செழிப்பாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். டாங்கி ஏறினாலும் பரவாயில்லை, மரநிழல் விழக் கூடாது; இதன் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வீட்டில் நீங்கள் தீ வைக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, செடி உறங்கும் குளிர்காலத் தொடக்கத்தில், சுற்றியுள்ள புதரை வெட்டி, படிந்த சருகை வாரிக் கொஞ்சம் வெறுமண் தெரியவிடுங்கள். விதை விழுந்து முளைக்க அந்த வெறுமண் வேண்டும்.

துணைக்கு என்ன வைக்கலாம்? லூபின் ஆகஸ்டில் காணாமல் போனதும் இடம் சொட்டையாகத் தெரியாமலிருக்கவும், பூச்சிக்குத் தேன் கிடைக்கவும், லிட்டில் புளூஸ்டெம் என்ற கட்டுப்புல்லும், எருக்கின் உறவான ஆரஞ்சு நிறப் பட்டர்ஃபிளை மில்க்வீடும் போதும். இரண்டும் இதே ஏழை மணலை விரும்புபவை. உயரமாக வளரும் எதையும் பக்கத்தில் விடாதீர்கள். நான்கு செடி வைத்தால் நீலன் வந்துவிடுமா என்றால், பக்கத்தில் அதன் கூட்டம் இருந்தால் ஒழிய வராது. உங்கள் பக்கத்து மாவட்டங்களான ஆலிகனிலும் நியூவேகோவிலும் இன்னும் இருக்கிறது என்பதால் எனக்குச் சிறு நப்பாசை. இலையில் பச்சை மட்டும் சுரண்டப்பட்டு மேல்தோல் கண்ணாடிபோல நிற்கும் புள்ளிகளைக் கண்டால் கையை எடுத்துவிட்டு, மாநில இயற்கைவளத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

காயைச் சமைக்கலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது. கூடாது. விதையில் கசப்பான ஆல்கலாய்டு நஞ்சு இருக்கிறது. ஆடுமாடுகளும் இதனால் பாதிக்கப்படும். மத்தியதரைக்கடல் நாடுகளில் உப்புநீரில் ஊறவைத்து உண்பது வெள்ளை லூபின், ஆண்டிஸ் மலைகளில் உண்பது மற்றோர் இனம். அவற்றையும் நாட்கணக்கில் ஊறவைத்து நீர் மாற்றிக் கசப்பை நீக்கியே உண்கிறார்கள். நிலக்கடலை ஒவ்வாதவர்களில் சிலருக்கு அந்த உணவு லூபினும் ஒவ்வாது. பட்டாணிக் காய்போலத் தோன்றுவதால் வீட்டில் சிறு குழந்தை இருந்தால் சொல்லி வையுங்கள்.

பூத்த முதல் ஆண்டிலேயே சொந்த விதை சேர்க்கத் தொடங்கலாம். காய் பழுப்பாகிக் காய்ந்ததும், காசித்தும்பைபோல, வெயில் நேரத்தில் இரு தோல்களும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சில மீட்டர் தூரத்துக்கு எறியும். ஆகவே காய் கறுக்கத் தொடங்கும்போதே கொத்தின்மேல் மெல்லிய துணிப்பையை மாட்டிக் கட்டிவிடுங்கள். கட்ட மறந்தவர்கள் ஜூலை முதல் வாரத்து நண்பகலில் அருகில் போய் நின்றால் சடசடவென்ற சத்தத்தையாவது கேட்கலாம். பையில் விழுந்ததில் பாதியை நவம்பரில் அந்தச் சொட்டைப் புல்தரையின் மறுகோடியில் புதைத்துவிட்டு, மீதியைக் காகித உறையில் ஆண்டு எழுதிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.